ஏற்காட்டுக் கல்லும் மாடர்ன் தியேட்டர்ஸ் படமும்

அவையோருக்கு வணக்கம். கண்காட்சியைத் திறந்தாயிற்று, பொன்னாடையும் போர்த்தியாயிற்று. இனி விஷயத்துக்கு வரலாம். நம் சேலம் அருங்காட்சியகத்தில் பேச்சும் நடக்க வேண்டும், படமும் ஓட வேண்டும் என்பது என் கருத்து. வாசலில் ஒரு பெரியவர் கேட்டார்: "பழைய பொருள் வைக்கிற இடத்துல பேச்சு எதுக்கு, சினிமா எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஒரு கல்லை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. புதிய கற்காலத்தவை. முதலில் கல்லைச் செதுக்கி, பிறகு கொத்திக் கொத்தி மேடு பள்ளத்தைச் சரிசெய்து, கடைசியில் பாறையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்குவார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள். காலம் போய், மலையில் அவற்றைக் கண்டெடுத்தவர்கள் ஊர்க் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். மரம் வெட்டிய கல் சாமியாகிவிட்டது.

1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னாளில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். அவருடைய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1912இல் அவர் காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டு தேவாலயத்தில் இருக்கிறது. ஆள் இங்கே, அவர் சேர்த்த கற்கள் எழும்பூரில்!

இப்போது ஒரு கோடரியைப் பெட்டியில் வைத்து, 'கற்கோடரி, புதிய கற்காலம்' என்று சீட்டு எழுதி ஒட்டுகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதன் முன் எவ்வளவு நேரம் நிற்கும்? நான் இப்போது சொன்ன கதையில் ஒரு வரிகூட அந்தச் சீட்டில் இல்லையே. அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். பேராசிரியர் மட்டும் போதாது. அந்தக் கல்லைக் கும்பிட்ட ஊர்க்காரரையும் மலையிலிருந்து அழைத்து வந்து மேடையில் உட்கார வைக்க வேண்டும். சால்வையை அவருக்குப் போடுங்கள்.

அப்புறம் சினிமா. சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து, இங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவை நடத்தினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்ததும் அங்கிருந்துதான். இன்று ஏற்காடு சாலையில் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் அதன் முன் செல்ஃபி எடுக்கிறார்கள், எடுக்கட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சினிமாவும் நம் ஊர்ச் சரக்குதான், ஐயா. அதற்கும் அருங்காட்சியகத்தில் இடம் உண்டு.

ஆனால் படத்தை மட்டும் ஓட்டிவிட்டு விளக்கைப் போட்டால் அது டிவி பார்த்த கதைதான். செட்டு போட்ட தச்சர், துணி தைத்தவர், லைட் பிடித்தவர் வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கும். அவர்களோ பிள்ளைகளோ படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் பேசட்டும். வீட்டில் பழைய போட்டோ, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் இருந்தால் கொண்டுவரட்டும். ஸ்கேன் செய்துகொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எவரும் தரமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர்களை உங்களுக்குத் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். கதவோரம்தான் நிற்பேன்.