ரெகேயின் அடியில் ஒரு முரசு

வணக்கம் நண்பர்களே.

இப்போது நாம் பார்த்தது, ஜெரமி மார் 1977இல் ஜமைக்காவில் எடுத்த 'ரூட்ஸ் ராக் ரெகே' என்ற ஆவணப்படம். ரெகே அந்தத் தீவில் பிறந்த இசை. பாப் மார்லியின் முகத்தை டி-ஷர்ட்டில் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். ரெகே என்றால் கடற்கரை, விடுமுறை, புகை என்ற எண்ணமும் அந்த டி-ஷர்ட்டோடு சேர்ந்தே நம்மிடம் வந்துவிட்டது. பாட்டு எந்தத் தெருவில், யார் வீட்டில், எந்தப் பயத்துக்கு நடுவே பிறந்தது என்று காட்டும்போது ஆவணப்படம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. ரெகேயின் அடியில் ஒரு வழிபாடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

படத்தில் இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரியைப் பார்த்தீர்கள். கிங்ஸ்டனில் தன் வீட்டுக் கொல்லையில் அவர் கட்டிய ஒலிப்பதிவுக்கூடம்தான் பிளாக் ஆர்க். கையில் இருந்தது நான்கு டிராக், அதாவது நான்கு தனித்தனி ஒலித்தடங்கள் மட்டுமே உள்ள டேப் ரெக்கார்டர். வாத்தியங்களை முதலில் பதிந்து, அவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே டிராக்கில் இறக்குவார். காலியான டிராக்குகளில் குரலும் மற்றதும் ஏறும். இப்படி இறக்கும்போதெல்லாம் ஒலி கொஞ்சம் மங்கும், கொஞ்சம் கனக்கும். அந்த மூட்டமான ஒலிக்காகவே இன்றும் அந்த இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறார்கள். வசதியில்லாத இடத்தில் ஒரு கலைஞனின் காது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அடியில் இருக்கிறது என்று நான் சொன்ன வழிபாடு, ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி என்ற சமய இயக்கத்தாருடையது. அவர்களின் நயபிங்கி என்ற வழிபாட்டுக் கூட்டங்களில் மூன்று முரசுகள் ஒலிக்கும். பெரிய முரசு பாஸ். ஃபண்டே இதயத் துடிப்பு மாதிரி விடாமல் நடை கொடுக்கும். ரிப்பீட்டர் அதன்மேல் விளையாடும். இது இரவு முழுக்க நடக்கும் வழிபாடு. 1960இல் 'ஓ கரோலினா' பாட்டுக்கு ராஸ்தாஃபாரி முரசுக் கலைஞர் கவுண்ட் ஒஸ்ஸியின் குழு வாசித்தபோது, ராஸ்தாஃபாரி முகாம்களுக்குள் இருந்த அந்த முரசு வானொலிக்கு வந்தது. ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில், நான்கு அடிகளில் முதல் அடி வெறுமையாக இருக்கும், மூன்றாவதில்தான் டிரம் விழும். மார்லியின் குழுவில் கார்ல்டன் பாரெட் வாசித்ததை அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள், அந்த நிதானம் பிடிபடும்.

சரி, யார் இந்த ராஸ்தாஃபாரிகள்? 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹெய்லி செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த ஜமைக்காவில், அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கறுப்பின அரசர் கிடைத்தார். லெனர்ட் ஹோவெல் என்ற ஜமைக்கர் அவரைக் கடவுள் என்றே போதித்தார். அப்படி நம்பியவர்கள்தான் ராஸ்தாஃபாரிகள், சுருக்கமாக ராஸ்தாக்கள். 1934இல் ராஜத்துரோகக் குற்றத்துக்காக ஹோவெலைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்து பினக்கிள் என்ற குடியிருப்பை அமைத்தார். இதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கூலிகள் வழியாகத்தான் கஞ்சாப் பழக்கம் அந்தத் தீவில் வேர்விட்டது. ஹோவெல் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயரில்கூட 'மராஜ்', அதாவது நம் 'மகாராஜ்' இருக்கிறது.

1966 ஏப்ரலில் பேரரசர் கிங்ஸ்டனில் வந்திறங்கினார். கூட்டம் விமானத்தையே சூழ்ந்துகொள்ள, மார்ட்டிமோ பிளானோ என்ற ராஸ்தா பெரியவர்தான் படியேறிப் போய் அவரை அழைத்து வந்தார். இந்தக் காட்சி சில ஆவணப்படங்களில் வருகிறது. எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏனென்றால் அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு, 1963இல், ஜமைக்காவின் கோரல் கார்டன்ஸில் நடந்த ஒரு மோதலைக் காரணம் காட்டி, சம்பந்தமே இல்லாத ராஸ்தாக்களையும் போலீஸ் வளைத்துப் பிடித்தது. அடித்தார்கள், சிறையில் அடைத்தார்கள், சடையை வெட்டினார்கள். சடை அவர்களுக்கு விரதம். ஜமைக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ ரெகேயைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உலகம் கொண்டாடியது இரண்டாவது செய்தியைத்தான்.

அடுத்து 'ஹார்ட்லாண்ட் ரெகே' என்ற படத்திலிருந்து ஒரு பகுதி, ஒரு இசைக் கச்சேரி. 1978 ஏப்ரல் 22, கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கம். கட்சிச் சண்டையில் தெருவெல்லாம் ரத்தம் சிந்திய காலம். இரண்டு கட்சித் தலைவர்கள் மைக்கேல் மான்லியையும் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து மார்லி கைகோக்க வைக்கிறார். தலைவர்களின் முகத்தைப் பாருங்கள், அப்புறம் மார்லியின் முகத்தைப் பாருங்கள்.