கெட்டிமேளத்தில் நின்ற படம்

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். வீடியோ வேலைக்கு எந்த டிஸ்க் வாங்கலாம் என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நிறையக் காசைத் தப்பாகச் செலவழித்தவன் என்பதுதான் எனக்கிருக்கும் தகுதி.

சில வருடங்களுக்கு முன் ஒரு முகூர்த்தம். மேடையைச் சுற்றி மூன்று கேமரா, கிரேனில் ஒன்று. நான்கையும் டைம்லைனில் அடுக்கி ஒன்றாக ஓட விட்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம் கேட்கிறது, படம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அட்சதை விழுந்து முடிந்து, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்த பிறகுதான் நகர்ந்தது. கிராபிக்ஸ் கார்டு பத்தவில்லை என்றார் கடைக்காரர். கடன் வாங்கி மாற்றினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள், நான்கு கேமராவின் ஃபுட்டேஜ், மென்பொருள் தனக்காக எழுதிக்கொள்ளும் கேஷ் கோப்புகள், எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. கோளாறு அங்கேதான்.

கணக்குப் பார்த்தால் நிற்கக் கூடாது. என் கேமராவின் பதிவு வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று இருந்தது. அது பிட் கணக்கு. கோப்பை நகலெடுக்கும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். நான்கு கேமராவுக்கு 50. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், ஒரே கோப்பை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். தாராளமாகப் போதுமே?

இசைத்தட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தட்டில் நான்கு பாட்டு, முள் ஒன்றுதான். நான்கையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் முள் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கின் உள்ளேயும் அதே கதைதான். தட்டு ஒரு சுற்று வரவே 8.3 மில்லிநொடி ஆகிறது. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தாவலுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மில்லிநொடி என்று வையுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 40 மில்லிநொடி. மூன்று தாவலில் அது போயே போய்விட்டது. இதற்கு நடுவில் விண்டோஸ் வேறு தன் வேலைக்கு அதே முள்ளை இழுக்கும்.

எஸ்.எஸ்.டி. என்பது சிப்புகளில் பதிவை வைக்கும் டிஸ்க். அதில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் மாட்டும் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 550 மெகாபைட் வரை தரும். ஃபுட்டேஜை அதற்கு மாற்றிய அன்றே தாலி தடங்கலில்லாமல் ஏறியது. சாட்டாவை விட வேகமான இணைப்பில் ஓடும் என்.வி.எம்.இ. வகையில் நான்காம் தலைமுறை 7000 வரை போகிறது. கடைக்காரர் இதைத்தான் முன்னால் எடுத்து வைப்பார். எனக்குத் தேவை 50 என்றால், 7000-க்கும் 550-க்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஆனால் 4கே அளவில், அதிகம் சுருக்காமல் பதியும் புரோரெஸ் 422 எச்க்யூ ஃபார்மட்டில் வேலை செய்கிறவர் கதை வேறு. அது ஒரு கேமராவுக்கே நொடிக்கு 90 மெகாபைட்டுக்கு மேல் கேட்கும், ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபி தின்னும். அப்படி நான்கு ஓடினால் சாட்டா மூச்சு வாங்கும். அவர் என்.வி.எம்.இ. வாங்கட்டும்.

இன்னொன்று. படம் திக்கினாலே டிஸ்க்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படம் ஓடும்போதே, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் டிஸ்க். டிஸ்க் ஐந்து சதவீதத்தில் தூங்க, பிராசஸர் மட்டும் திணறினால், எச்.265 போல இறுக்கிச் சுருக்கிய வீடியோவைப் பிரிக்க முடியாமல் அது தவிக்கிறது. அதற்கு எந்த டிஸ்கும் மருந்து இல்லை. ப்ராக்ஸி, அதாவது அதே வீடியோவின் சின்ன, லேசான நகல் போட்டு எடிட் செய்யுங்கள், காசு மிச்சம்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது டி.எல்.சி.யா க்யூ.எல்.சி.யா என்று கேளுங்கள். சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டி.எல்.சி., நான்கு வைப்பது க்யூ.எல்.சி. மலிவான க்யூ.எல்.சி. வகையில் மெமரி கார்டிலிருந்து கொஞ்சம் கோப்பைப் போட்டால் பறக்கும். முழுநாள் ஃபுட்டேஜையும் மொத்தமாகக் கொட்டினால், முன்வாசல் திண்ணை போன்ற அதன் வேகமான பகுதி நிறைந்துபோய், சில மாடல்களில் ஹார்ட் டிஸ்கை விட மெதுவாக நகரும்.

அப்புறம், மதர்போர்டோடு வரும் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை, மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 வடிவ எஸ்.எஸ்.டி. ஒன்றைப் புதிதாகச் சொருகி கம்ப்யூட்டரை ஆன் செய்தால், பழைய ஹார்ட் டிஸ்கைக் காணோம். அதில் மூன்று கல்யாணம் இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் புத்தகத்தில் ஒரு வரி: அந்த எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் ஐந்தாவது, ஆறாவது சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. கேபிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் சொருகினேன், மூன்று கல்யாணமும் திரும்பி வந்தன.

இப்போது விண்டோஸுக்கு ஒரு எஸ்.எஸ்.டி., நடப்பு வேலைக்கும் கேஷுக்கும் 2 டிபி என்.வி.எம்.இ. ஒன்று. முடிந்த வேலை பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டில் போகும். ஒன்று கடையில், மற்றது வீட்டு பீரோவில். எஸ்.எஸ்.டி.யை பீரோவில் வைப்பதில்லை. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் பதிவைத் தாங்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும், சூடான அறையில் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு டிஸ்கிலும் பங்குபோட்டு எழுதும் ரெய்டு 0 முறையில் கட்டி வேகம் கூட்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போச்சு. எனக்கு வேண்டாம்.

போன மாதம் கடையில் இருக்கும் டிஸ்கைக் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சோதித்தேன், எச்சரிக்கை மஞ்சள் காட்டியது. அன்று மாலையே புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். அந்தக் கெட்டிமேளக் கல்யாணமும் அதில்தான் இருந்தது. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று நான்கு கேமராவையும் சேர்த்து ஓட விட்டேன். எங்கும் நிற்கவில்லை. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கும் இடத்தில் மட்டும் கிரேன் கேமரா ஃபோகஸ் தப்பியிருக்கிறது. பாவம், அதற்கு டிஸ்க் என்ன செய்யும்? வணக்கம்.