லீவில் பார்த்த படங்கள்

(திருகோணமலையில் ஒரு வாசிகசாலையில், ஆகஸ்ட் விடுமுறையின் கடைசி வாரத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு நிற்கிற தம்பிமார் முன்னுக்கு வாங்கோ, கதிரை இருக்கிறது.

நான் விமர்சகன் இல்லை, கணக்குப் படிப்பிக்கிறவன். லீவு விட்டால் படம் பார்ப்பேன். பார்த்தால் வாய் சும்மா இராது. அந்த வாய்க்கு மைக்கைப் பிடித்துக் கொடுத்தது நீங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

இந்த முறை பார்த்தவற்றில் இரண்டு படங்கள் இன்னும் மண்டைக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கின்றன. 'குரங்கு பெடல்', 'வாழை'. இரண்டும் 2024இல் வந்தவை. இரண்டிலும் பள்ளிக்கூடப் பையன்தான் நாயகன். ஆனால் ஒருவனுக்கு லீவு என்றால் கொண்டாட்டம். மற்றவனுக்கு லீவு என்றாலே வயிற்றைக் கலக்கும்.

முதலில் கொண்டாட்டம். 'குரங்கு பெடல்' கமலக்கண்ணன் எடுத்த படம். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற சிறுகதைதான் மூலம். 1980களின் கோடை விடுமுறை, ஒரு கிராமம், வாடகைச் சைக்கிள். பையனின் அப்பாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. எங்கே போனாலும் நடைதான். ஊர் அவருக்கு 'நடராஜா சர்வீஸ்' என்று பட்டம் வைத்திருக்கிறது. அப்பாவாக நடிக்கிற காளி வெங்கட் அந்தப் பகிடியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நடக்கிற நடையைப் பாருங்கள், வசனமே தேவையில்லை. பையனுக்கு எப்படியாவது ஓடப் பழக வேண்டும். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் சரித்து, அரைச் சுற்று மிதித்து, பெடலைப் பின்னுக்கு எடுத்து, திரும்ப அரைச் சுற்று. அதுதான் குரங்கு பெடல். நரைத்த தலைகள் எல்லாம் சிரிக்கின்றன. உங்கள் முழங்காலில் தழும்பு இருக்கும், எனக்குத் தெரியும். நடுவில் பெரியவர்களின் பகிடிக் காட்சிகள் கொஞ்சம் இழுபடுகின்றன. பையன் சைக்கிளைத் தொட்டவுடன் படம் நிமிர்ந்துவிடுகிறது.

இனி 'வாழை'. மாரி செல்வராஜ் தன் சிறுவயதை வைத்து எடுத்தது. சிவனைந்தான் என்ற பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். ஏனென்றால் பள்ளிக்கூடம் உள்ள நாளில் வாழைத்தார் சுமக்கத் தேவையில்லை. சனி, ஞாயிறு வந்தால் வீட்டுக் கடனுக்காகத் தலையில் தார் ஏறும். சேற்றுக்குள் கால் புதையப் புதைய, கழுத்தைத் திருப்ப முடியாமல், வரிசையாகப் பெரியவர்களுக்கு நடுவே அவன் வருகிறான். கமரா அவசரப்படவில்லை. ஒரு தார் எவ்வளவு பாரம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் கதிரையில் இருந்தபடியே கழுத்தைத் தடவிக்கொள்கிறோம். கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள், கிடைக்கிறது. அந்தச் செலவை முதலாளி வேறு வழியில் பிடித்துக்கொள்கிறார். அந்த இடத்தைக் கவனியுங்கள், படத்தின் கணக்கே அங்கேதான் இருக்கிறது. பூங்கொடி டீச்சர் வருகிற பகுதி நீளம் என்று என் மகள் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நிழல் கிடைக்கிற இடமே அந்த வகுப்புத்தான், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியில் மட்டும் எனக்குக் கோபம். அவ்வளவு நடந்த பிறகு எங்களை அழவைக்க இசை வேறு வேண்டுமா?

இதை ஏன் இந்த ஊரில் நின்று சொல்கிறேன்? ஆகஸ்டில் எங்கள் கடல் தூங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வெயில் காய்வார்கள். அதே மணலில் கரைவலை இழுபடும். வாடைக் காற்று தொடங்கினால் அந்தத் தொழில் ஓய்ந்துவிடும், ஆகவே லீவும் தொழிலும் ஒரே காலத்தில் வருகின்றன. கயிற்றை இடுப்போடு கொடுத்து, பின்பக்கமாக மணலில் குதிகாலை ஊன்றி இழுக்கிற வரிசையில், கடைசியில் நிற்கிறவனைப் பாருங்கள். கயிறு சுருட்டுகிறவனைப் பாருங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம். மீன் சேர்கிற வலை மடி கரைக்கு வந்தால் அவனுக்கும் ஒரு பங்கு மீன். ஊருக்கு உள்ளே போனால் சிறுபோக நெல் அறுவடை; அங்கேயும் சாக்குப் பிடிக்கச் சின்னக் கைகள். தவணை தொடங்கியதும் 'லீவில் எங்கே போனாய்?' என்று கட்டுரை எழுதச் சொல்கிற ஆசிரியர்மாரே, 'வாழை'யை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தத் தலைப்பைக் கொடுங்கள்.

எங்கள் கடல் சினிமாவுக்குப் புதிதும் அல்ல. இலங்கையின் முதல் வண்ணப் படமான 'ரன்முத்து தூவ', 1962இல் வந்தது, மைக் வில்சன் எடுத்தது, இந்தத் திருகோணமலைக் கடலுக்கடியில்தான் படமாக்கப்பட்டது. அது புதையல் கதை. நல்லது, பார்க்கலாம். வலை இழுக்கிறவனைப் படமாக எடுக்க இன்னும் ஒருவர் வரவேண்டும். கையில் போன் வைத்திருக்கிற தம்பி, உன்னைத்தான் பார்த்துச் சொல்கிறேன்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். 'லப்பர் பந்து' பார்க்காத ஆள் இங்கே இருக்க மாட்டார். மென்பந்துக் கிரிக்கெட் விளையாடுகிற எந்த ஊருக்கும் அது சொந்தப் படம். ஆட்டம் தெரிந்தும் சாதி பார்த்து ஒருவனை அணிக்கு வெளியே நிறுத்துகிற இடம் சுடுகிறது. நடிப்பில் என் ஓட்டு சுவாசிகாவுக்கு. கிரிக்கெட்டில் கிறங்கிய புருஷனோடு குடும்பம் நடத்துகிற கோபம் அந்த முகத்தில் அப்படியே இருக்கிறது. சில அக்காமார் தலையாட்டுகிறீர்கள்.

'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025. எங்கள் பொருளாதார நெருக்கடி நாளில் கள்ளத்தனமாகத் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் பேச்சுக்கு முயற்சி எடுத்திருக்கிறார்கள், குறை பிடிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. தெரு முழுக்க நல்ல மனிதர். கள்ளமாகப் போய் அங்கே மண்டபம் அகதி முகாமில் காலத்தைக் கழித்த சனம் எங்களுக்குள் இருக்கிறது. அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், சந்தோசத்திலா என்று கேட்காதீர்கள்.

கேள்வி எழுதிய இரண்டு துண்டு வந்திருக்கிறது. 'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாழை காட்டலாமா?' காட்டலாம் அம்மா, பக்கத்தில் இருந்து. கடைசி அரை மணித்தியாலம் பாரமானது. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது, 'ஏன் ஐயா எல்லாம் இந்தியப் படம், எங்கட படம் இல்லையா?' இருக்கிறது. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி', 1977, யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம், கறுப்பு வெள்ளை. சிங்கள இயக்குநர் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சீதனத்தையும் சாதியையும் பார்த்த படம். டிசம்பர் லீவில் இங்கேயே திரை கட்டிப் போடலாமா என்று வாசிகசாலைக்காரரைப் பார்க்கிறேன், தலை ஆடுகிற மாதிரித் தெரிகிறது. வருகிறவர்கள் போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கோ.