இந்த ராம்ப்புல என் வண்டி ஏன் ஏறாதுன்னு அளந்து காட்டுறேன்

வணக்கம் மக்களே. பின்னாடி ஹாரன் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க. சென்னையில ஒரு ஆபீஸ் வாசல்ல நின்னு பேசிட்டிருக்கேன். நின்னுன்னா, என் மோட்டார் வீல்சேர்ல உக்காந்துதான்! எந்த ஆபீஸ்னு சொல்லமாட்டேன், கமென்ட்ல கேக்காதீங்க. நம்ம ஊர்ல பாதி கட்டடம் இப்படித்தான் இருக்கு, இவங்களை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது.

கேமராவைத் திருப்புறேன். மூணு படி தெரியுதா? அதுக்குப் பக்கத்துல ஒரு ராம்ப், அதாவது சாய்வுப் பாதை. மஞ்சள் பெயின்ட், வீல்சேர் படம், எல்லாம் இருக்கு. தூரத்துல இருந்து பாத்தா "அட, நல்லா செஞ்சிருக்காங்களே"ன்னு தோணும். என் பைல எப்பவும் ஒரு டேப் இருக்கும். எங்க அம்மா தையலுக்கு வச்சிருந்த டேப் இல்லீங்க, கொத்தனார் வச்சிருப்பாரே, அந்த இரும்பு டேப்.

படி மூணும் சேத்து ஒன்றரை அடி உயரம். இப்போ கணக்கு போடுங்க. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளத்துக்குச் சாய்வு வேணும். 1:12ன்னு சொல்றது இதைத்தான். மத்திய அரசோட 2021 வழிகாட்டுதல்லயும் இதே அளவுதான். அப்போ ஒன்றரை அடிக்கு எவ்வளவு? பதினெட்டு அடி. இங்க இருக்கிறது அஞ்சடி.

அஞ்சடிக்குள்ள ஒன்றரை அடி ஏத்தினா கிட்டத்தட்ட 17 டிகிரி சாய்வு வரும். என் வண்டியோட புத்தகத்துல 8 டிகிரிக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்கு. மோட்டார் இழுத்துடும், அது பிரச்சினை இல்ல. முன் சக்கரம் தூக்கிக்கும். போன வருஷம் இதே மாதிரி ஒரு ராம்ப்புல ஜாய்ஸ்டிக்கை லேசா முன்னாடி தள்ளினேன், அவ்வளவுதான், வானம் தெரிஞ்சுது. பின்னாடி கவுந்துடாம இருக்க குட்டியா ரெண்டு சக்கரம் இருக்கும், அன்னிக்கு அதுதான் காப்பாத்துச்சு. சரி, தப்பித்தவறி மேல போயிட்டேன்னு வைங்க. அங்க கண்ணாடிக் கதவு வெளிப்பக்கமா திறக்குது, வண்டி நிக்க சமதளமே இல்ல. ஒரு கையில ஜாய்ஸ்டிக், ஒரு கையில கதவு, கீழ சரிவு. நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்படி மாட்டிக்கிட்டு நிக்கிறப்போ கண்டிப்பா நாலு பேர் ஓடி வருவாங்க. "தூக்கிடலாம்மா, ஒரு நிமிஷம்." நல்ல மனசுதான், குறை சொல்லல. ஆனா கையால தள்ளுற வீல்சேர்னா இலகு. இது மோட்டாரு, பேட்டரி எல்லாம் சேத்து 38 கிலோ. நானும் சேந்தா நூறைத் தாண்டிடும். பிடிக்கிறவங்க நேரா கைப்பிடியைப் பிடிப்பாங்க, அது கழண்டு வர்ற கைப்பிடி. இன்னொருத்தர் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பார். "அண்ணே அது ஸ்டியரிங்"னு நான் கத்துறதுக்குள்ள வண்டி அவர் கால்மேல ஏறிடும். அதனால "தூக்கிடலாம்"னு ஒரு வழி இருக்கிறவரைக்கும் ராம்ப் சரியா வரவே வராதுன்னு எனக்குத் தோணும். யாராவது தூக்கிடுவாங்கன்னு கட்டுறவருக்கும் தெரியுமே.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். புதுக் கட்டடம் விதிப்படி இல்லேன்னா நிறைவுச் சான்றிதழே குடுக்கக் கூடாது. பொதுமக்கள் வந்துபோற பழைய கட்டடத்தைச் சரிபண்ண அஞ்சு வருஷம் டைம். விதி வந்தது 2017 ஜூன், அப்போ கெடு 2022 ஜூன்லயே முடிஞ்சுது. மீறினா முதல் தடவை 10,000 ரூபா வரைக்கும் அபராதம், திரும்பவும் மீறினா 50,000-ல இருந்து 5 லட்சம்.

அப்புறம் ஏன் இப்படின்னா, விதிக்குள்ளயே ஓட்டை. ராஜீவ் ரத்தூரின்னு ஒருத்தர், பார்வை மாற்றுத்திறனாளி, 2005-ல சுப்ரீம் கோர்ட் போனார். அந்த வழக்குல 2024 நவம்பர் 8-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. சட்டம் "செஞ்சே ஆகணும்"னு சொல்லுது, ஆனா அந்த 2017 விதிகள்ல 15-வது விதி கைகாட்டுற வழிகாட்டுதல் எல்லாம் "செஞ்சா நல்லது" ரகத்துல இருக்கு, அதனால அந்த விதி செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. கட்டாயமான விதிகளை மூணு மாசத்துல கொண்டுவான்னு மத்திய அரசுக்கு உத்தரவு. பத்தொன்பது வருஷம் ஆயிருக்கு, "நல்லது"க்கும் "கட்டாயம்"க்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அளக்க!

நல்லதும் நடக்குது, அதையும் சொல்லணும். மெரினாவுல 2022 நவம்பர்ல 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க. திறந்து ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல் கடல் பக்கத்தைப் பிச்சுப் போட்டுருச்சு, அப்புறம் சரிபண்ணினாங்க. நான் தனியா, யாரும் தள்ளாம, அலை வர்ற பக்கம்வரைக்கும் போயிருக்கேன். அதேபோல 2024 ஆகஸ்ட்ல வந்த தாழ்தள பஸ். கண்டக்டர் ராம்ப்பை இழுத்துவிட்டா ஏறிடலாம். ஆனா டிரைவர் நடைமேடையை ஒட்டி நிறுத்தணும். தள்ளி நிறுத்தினா ராம்ப் ரோட்டுல விழும், மறுபடியும் அதே செங்குத்துதான்.

ஆங், போன வீடியோல ஒருத்தர் வீல்சேர் பேட்டரியை ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டிருந்தீங்க. பேட்டரி மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்க. என்னோடது 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர். பெருக்கினா 288 வாட்-அவர். கழட்டி கையில எடுத்துட்டுப் போற லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 300. லக்கேஜ்ல போடக் கூடாது, உங்ககூட கேபினுக்குள்ள வரணும். டிக்கெட் போடும்போதே ஏர்லைன்ஸ்கிட்ட சொல்லி வச்சிடுங்க. லேபிள் அழிஞ்சுபோச்சுன்னா கவுன்டர்ல யாரும் உங்க பெருக்கலை நம்பமாட்டாங்க. வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஒரு நிமிஷம், செக்யூரிட்டி அண்ணன் வர்றார்... அண்ணே, வீடியோதான்ணே, உங்க ஆபீஸ் பேரு எல்லாம் வராது. இந்த நுனியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? மேல, அந்தக் கதவுகிட்ட. நான் டேப்போட பின்னாடி போறேன்... பத்து... பதினாலு... பதினெட்டு. இதோ, இங்க.

"ஏம்மா, அங்கவரைக்கும் வருமா? பெரிய சார் பைக் நிக்கிற இடமாச்சே அது!"

ஆமாண்ணே. அங்கவரைக்கும்தான்.