ஊர் சேராம ஊர்வலம் ஏது?

நடுவர் அவர்களே, வேஷமும் அலங்கார வண்டியுமா தெருவுல வர்ற கார்னிவல் ஊர்வலம் வளர்த்தது ஒற்றுமையத்தான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒண்ணு ரொம்ப அழுத்தமா சொல்லிட்டுப் போனாரு, அது வளர்த்தது வெறும் கொண்டாட்டத்தைத்தான், ஒற்றுமைய இல்ல, இங்கிலாந்து கார்னிவலோட ஆரம்பமே வெறுப்புதானேன்னு. 1605ல லண்டன் பார்லிமென்ட்ட வெடி வச்சுத் தகர்க்க கத்தோலிக்கர் சிலர் செஞ்ச சதி பிடிபட்டுச்சு, அதக் கொண்டாட தீ மூட்டினாங்க, அதுல கத்தோலிக்கர்கள் மேல இருந்த கோபமும் சேர்ந்தே எரிஞ்சுது. நான் மறுக்கல. ஆனா அதே விழாவ ஜனங்க அப்புறம் எங்க கொண்டு போய் சேர்த்தாங்கன்னு அவரு சொல்லவே இல்லையே!

அந்தத் தீ விழாவுலேர்ந்து வளர்ந்ததுதான் இங்கிலாந்துல சாமர்செட் பகுதியில இருக்கிற பிரிட்ஜ்வாட்டர் ஊரோட கார்னிவல், அத எடுத்துக்குங்க. நவம்பர் ராத்திரி, டிராக்டர் இழுத்துட்டு வர்ற வண்டி ஒவ்வொண்ணும் 100 அடி நீளம் வரைக்கும் இருக்கும், உடம்பெல்லாம் பல்பு, ஆயிரக்கணக்குல. இத எந்தக் கம்பெனியும் செஞ்சு தரல, அந்தந்த கார்னிவல் கிளப்புக்காரங்க வேலை முடிஞ்சு வந்து, வெல்டிங் தெரிஞ்சவர் வெல்டிங், தையல் தெரிஞ்சவங்க தையல், பெயின்ட் அடிக்கிறவர் பெயின்ட்னு வருஷத்துல பெரும்பகுதி அந்த ஒரு வண்டிக்காகவே உழைக்கிறாங்க. அதுலயும் டாப்ளோன்னு ஒரு வகை வண்டி இருக்கு, அதுல ஏறினவங்க ஆடக்கூடாது, அசையக்கூடாது, வேஷம் போட்டுகிட்டு ஊர்வலம் முடியுற வரைக்கும் அந்தக் குளிர்ல சிலை மாதிரி நிக்கணும். ஐயா, கொண்டாட்டம் மட்டும்தான் நோக்கம்னா எவன் அப்படி நிப்பான்? பக்கத்துல நிக்கிறவனுக்காக, கிளப்புக்காக நிக்கிறான்!

போற வழியெல்லாம் வசூல் நடக்கும், அது தொண்டு அமைப்புகளுக்குப் போகுது. இது புதுப் பழக்கம் இல்லீங்க. 1948ல அரசாங்க இலவச மருத்துவம் வர்றதுக்கு முன்னாடி பல ஆஸ்பத்திரிங்க நன்கொடையிலதான் ஓடுச்சு, அதுக்குப் பணம் திரட்டவே எத்தனையோ ஊர்ல கார்னிவல் நடத்தினாங்க. வேஷம் கட்டி வந்தவங்க உண்டியல்ல விழுந்த காசு நோயாளிக்குப் போச்சு.

சரி, சின்ன ஊர விட்டு பெருநகரத்துக்கு வாங்க. 1958ல லண்டன் நாட்டிங் ஹில்ல கறுப்பின மக்கள வெள்ளைக்கார இளைஞர்கள் தாக்கி பெரிய கலவரம். கரீபியன் தீவான ட்ரினிடாட்ல பிறந்து லண்டன்ல பத்திரிகை நடத்தின கிளாடியா ஜோன்ஸ் என்ன செஞ்சாங்க தெரியுமா, அந்தத் தீவோட கார்னிவலையே லண்டனுக்குக் கொண்டு வந்து 1959 ஜனவரில செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹால்ல நடத்திக் காட்டினாங்க. விழா மலர் வித்த காசுல ஒரு பங்கு, கலவர வழக்குல மாட்டின கறுப்பு, வெள்ளை ரெண்டு தரப்பு இளைஞர்களோட அபராதத்துக்கும்னு அந்த மலர்லயே அச்சடிச்சிருந்தாங்க. ரெண்டு தரப்புக்கும், நடுவர் அவர்களே! எதிரணி இதுக்குப் பதில் சொல்லட்டும்.