அளந்து போட்டால் விகிதம் வரும்
(தேசிய கணித நாள் விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, இந்தப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தந்த ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, முன்வரிசையில் சம்மணம் போட்டிருக்கும் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த தலைமையாசிரியர் அவர்களுக்குத் தனி நன்றி.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் பெயரால் கூடியிருக்கிறோம். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். விகிதத்தில் பிள்ளைகள் தடுமாறுவது எங்கே, அட்டவணை அதற்கு எப்படிக் கைகொடுக்கிறது, அதற்குப் பள்ளியில் என்ன வேண்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் பெரியோர். நான் போகிற பள்ளியில் எல்லாம் சொல்வது இதைத்தான்.

ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். “நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. ஆறு படி அரிசிக்கு எவ்வளவு?” பாதி வகுப்பு ஒரே குரலில் “மூணு படி!” என்றது. அரிசியில் இரண்டு கூடினால் உளுந்திலும் இரண்டு கூட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறாராம். “சார், அவ்வளவு உளுந்து போட்டா மாவு கொழகொழன்னு ஆயிடும். இட்லி எழும்பாது, தட்டுலயே ஒட்டிக்கும்!” வகுப்பே சிரித்தது. “நீயே வந்து போடும்மா” என்று சாக்பீஸைக் கொடுத்தேன். இரண்டு வரிசை இழுத்தாள். மேலே அரிசி, கீழே உளுந்து. 4-க்குக் கீழே 1, 8-க்குக் கீழே 2. பிறகு சற்று நின்று, 2 என்று எழுதி அதன் கீழே அரை போட்டாள். நாலையும் இரண்டையும் விரலால் சேர்த்துக் காட்டி, “ஆறு. கீழே ஒண்ணரை” என்றாள். மூன்று என்று கத்திய பையன்களே கை தட்டினார்கள்!

அட்டவணையின் வேலை முழுவதும் அதில் இருக்கிறது. இரண்டு வரிசையையும் ஒரே எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். ஒரு பத்தியோடு இன்னொரு பத்தியைக் கூட்டலாம். மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டினால் மட்டும் விகிதம் கெட்டுவிடும். குறுக்குப் பெருக்கலை முதல் நாளே மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு விடை தெரிந்தது எதனால்? அவள் கை படியைப் பிடித்த கை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம். அளக்க நம் வகுப்பறையில் என்ன இருக்கிறது? அதனால்தான் ஊர் ஊராய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன்: பள்ளிக்கு ஓர் அளவைப் பெட்டி வேண்டும். படி, உரி, உழக்கு, ஆழாக்கு, கூடவே லிட்டர் குவளை, ஒரு தராசு, ஒரு மூட்டை மணல். ஒரு படிக்கு இரண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. மணலை அள்ளி ஊற்றிப் பார்த்தாலே முதல் அட்டவணை தானாக வந்துவிடும்.

தலைவர் அம்மா அவர்களே, ஜனவரி 26-இல் கிராம சபை கூடுகிறது. இதை ஒரு தீர்மானமாக வைத்து நிறைவேற்றித் தர வேண்டும். தாய்மார்களே, பரணில் பித்தளைப் படி சும்மா கிடந்தால் பழைய பாத்திரக்காரரிடம் போடாதீர்கள். நாளைக் காலையில் தலைமையாசிரியர் அறையில் கொண்டுவந்து கொடுங்கள். நன்றி, வணக்கம்.