எந்தப் பட்டியலில் இருக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். போர் நடக்கும் இடத்திலிருந்து மக்களை மீட்பது என்றதும் நம் கண்முன் வருவது விமானமும் கப்பலும்தான். டிவியில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் அந்த விமானம் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் எழுதியிருக்க வேண்டும். யார், எந்த ஊரில், எந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்? பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா, கைக்குழந்தை உண்டா? இன்றைக்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வானொலி நிலையத்தார் எனக்குத் தந்த தலைப்பு 'மீட்பும் நிவாரணமும்'. நிவாரணத்துக்கும் வருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருந்து கேட்கிறவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், தமிழ் பேசுகிற நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். பஸ்ராவும் பாக்தாதும் தாண்டி, பாலைவனம் கடந்து ஜோர்தான் போய்ச் சேர்ந்து, அம்மானில் விமானம் ஏறினார்கள். 59 நாட்களில் ஏர் இந்தியா 488 நடை பறந்தது. இதைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். நான் நினைப்பது வேறு ஆட்களை. அங்கே இருந்த இந்தியர்களே கமிட்டி அமைத்தார்கள், வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள், பஸ் பிடித்துக் கொடுத்தார்கள். யார் முதல் பஸ்ஸில், யார் அடுத்ததில் என்று எழுதி வைக்காமல் இதில் எதுவும் நடந்திருக்காது. அந்த எழுத்து வேலைக்காரர்களை நாம் பேசுவதே இல்லை.

சரி, நான் கிட்ட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்றைக்கே அந்த நாட்டு வான்வெளியை மூடிவிட்டார்கள். உள்ளே விமானம் இறங்க வழியில்லை. மாணவர்கள் தரை வழியாகப் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாகியா எல்லைகளுக்கு வந்தால்தான் ஏற்றிக்கொள்ள முடியும். சுமி நகரமோ அந்த எல்லைகளிலிருந்து வெகு தூரம், ரஷ்யா பக்கம். அங்கே நூற்றுக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம்.

வீடு இந்தப் பக்கம், ரேஷன் கார்டு கேரளம். ப்ளஸ் டூ படித்தது கோவையில். பாஸ்போர்ட்டில் இருப்பதோ தமிழ்நாட்டுப் பக்கம் க.க.சாவடியில் தாய்மாமன் வீட்டு விலாசம். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா எங்கள் வாசகசாலைக்கு வந்து என்னிடம் கேட்டார்: "ஏனுங் சார், நாங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" இரண்டு மாநிலமும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன. தூதரகத்துக்குத் தனிப் படிவம். கல்லூரியில் சேர்த்துவிட்ட ஏஜெண்ட் கையில் ஒரு பட்டியல். எல்லாவற்றிலும் எழுதினோம். ஓர் உதவி எண்ணில் எடுத்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு அந்த மாநிலத்தில் கேளுங்கள் என்றார். இன்னொரு எண்ணில் ரேஷன் கார்டைக் கேட்டுவிட்டு இந்த மாநிலத்துக்கே அனுப்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

கடைசியில் அவளை வெளியே கொண்டுவந்த பட்டியல் எது தெரியுமா? விடுதிப் பிள்ளைகளே போட்டது. மாடிக்கு ஒருத்தி பொறுப்பு. அறை அறையாகப் போய், யார் இருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யாருடைய போனில் சார்ஜ் இருக்கிறது என்று தினமும் எழுதினார்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோய்ப் பனியை உருக்கிக் குடித்த நாட்கள் அவை. மார்ச் 7-ம் தேதி பஸ்ஸில் ஏறச் சொல்லி, ஏறியபின் இறக்கிவிட்டார்கள். பாதைக்குப் போர்நிறுத்தம் உறுதியாகவில்லை. மறுநாள் பஸ்ஸில் போல்டாவா, அங்கிருந்து ரயிலில் மேற்கே, அப்புறம் போலந்து, டெல்லி. இறக்கி, மறுபடி ஏற்றும்போது ஒருவரும் விட்டுப்போகாமல் தலை எண்ணியது அந்த மாடிப் பட்டியலை வைத்துத்தான்.

டெல்லியில் அவள் கொச்சி விமானத்தில் ஏறிவிட்டாள். வீடு வந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அப்போது போன் வருகிறது: "உங்கள் மகள் உக்ரைனில் எங்கே இருக்கிறார்?" இன்னொரு பட்டியலில் அவள் பெயர் வேறு எழுத்தில், வராத ஆளாகவே இருந்திருக்கிறது. வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்துசேர்ந்தவளைத் தேடிப் போன் செய்கிற அந்த நேரத்தில், நிஜமாகவே வராத ஒருவரைத் தேடியிருக்கலாம்.

பெயர் எழுதுவதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இனிஷியல். க. தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் தேவி கந்தசாமி, கல்லூரியில் கந்தசாமி தேவி, அப்பா போனில் சொன்னது தேவி கே. ஒரு பெண் மூன்று பெண்ணாகிவிடுகிறாள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மனியில் இதே தொல்லையைப் பெரிய அளவில் பார்த்தார்கள். பாட் அரோல்சன் என்ற ஊரில் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய ஆவணக்காப்பகம் இருக்கிறது. சுமார் 1 கோடியே 75 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 5 கோடி அட்டைகள். ஒரே பெயரை ஒவ்வொரு நாட்டுக் குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததால், எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்து அடுக்கினார்கள். அப்படி அடுக்கியதால் பிரிந்த குடும்பங்கள் சேர்ந்தன. நம் ஊர் உதவி மையங்களும் தமிழ்ப் பெயர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். இன்றும் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் குறைவு. நிவாரணம். அதுவும் பட்டியலில்தான் நிற்கிறது. 1983-க்குப் பிறகு இராமேசுவரம் கரையில் இறங்கிய ஈழத்து மக்களுக்கு மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, குடும்ப அட்டை கொடுத்துத்தான் அரிசியும் பணமும் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருந்தால் போதாது. குழந்தையின் வயது இருந்தால்தான் எந்தப் பால்மாவு என்று தெரியும். பெண்கள் எத்தனை பேர் என்று இருந்தால்தான் நாப்கின் கணக்கு வரும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று உலக அளவில் வழிகாட்டு அளவு இருக்கிறது. தலை எண்ணாமல் எந்த அளவும் போட முடியாது. பழைய துணி மூட்டை கட்டி அனுப்புவதைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். கேட்டுவிட்டு அனுப்புங்கள், முடிந்தால் பணமாகக் கொடுங்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டார் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர், பாஸ்போர்ட் எண், தங்கியிருக்கும் விலாசம், அங்கே கூட இருக்கும் ஒருவரின் போன் எண். எங்கே பதிந்தாலும் அதே எழுத்தில் பதியுங்கள். பிள்ளை வந்துசேர்ந்த அன்றே, பதிந்த எல்லா இடத்துக்கும் போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.